வலி எவ்வளவு என்று கேட்டார்கள்

கனகவல்லிக்குப் பொய் சொல்ல வராது என்று ஹைதராபாத் குஷாய்குடாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதிப் பேர் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள். மீதிப் பேர் அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள். பக்கத்தில் இருக்கும் அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவள். மேஜைக்கு வரும் ஒவ்வொரு மீட்டரையும் மூன்று தடவை சோதித்து, மூன்று அளவையும் அட்டையில் எழுதி, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அங்கே விதி. மாதக் கடைசியில் அனுப்பவேண்டிய பெட்டிகள் குறையும்போது அந்த விதி மற்ற மேஜைகளில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும். கனகவல்லி மேஜையில் மூடாது. "அம்மா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று ஃபோர்மன் குழைந்தால், "பாத்ததாலதான் போடலை" என்பாள். ஒரு தடவை அசெம்ப்ளிப் பிரிவில் இருந்த சொந்தப் புருஷன் சம்பந்தம் பூட்டிய மீட்டரையே திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை என்பதைக்கூட அவர் வாய்திறந்து சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்டவள் எழுபத்தொரு வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, டாக்டரிடம் தப்பான அளவு ஒன்றைச் சொன்னாள். தெரிந்தே சொன்னாள். ஏன் சொன்னாள் என்பதற்குத்தான் இவ்வளவும்.

சம்பந்தம் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை ஷ்யாம் கொண்டாப்பூரில் இருக்கிறான், சாஃப்ட்வேர் வேலை. அவன் மனைவி நஸ்ரின் திருச்சிப் பெண், அவளுக்கும் அதே வேலை. கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் நடந்த முறைப்பெல்லாம் பழங்கதை. கனகவல்லிக்கு எந்த மாத்திரை எந்தத் தேதியில் தீரும் என்று இப்போது மகனைவிட மருமகளுக்குத்தான் தெரியும்.

பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் ஊரே உச்சுக்கொட்டும். கொண்டாப்பூரில் இருந்தால் யார் உச்சுக்கொட்டுவார்கள்? அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் இவள். நடுவில் சாயங்கால வேளையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து கடக்கவேண்டிய ஹைதராபாத். தினமும் காரில் போகும்போது போன் பண்ணுவான். சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி சிக்னல் விழுந்துடுச்சு, வெச்சுடறேன். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். கெட்ட பிள்ளையாக இருந்தால் நாலு வசை வைதுவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம். நல்ல பிள்ளைக்காக ஏங்குவதை வெளியில் சொன்னால் சொல்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் கனகவல்லி சொன்னதில்லை. போனை வைத்தபிறகு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, காய்கறிக் கடையில் நின்று கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்குத் தாடையில் ஒரு வலி. முதுகெல்லாம் வியர்த்தது. வாயுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக் கல்பகம் விவரம் தெரிந்தவள். அவளே இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நடமாடுகிறவள். உடனே ஆட்டோவை நிறுத்தி ஏற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, ஹார்ட் அட்டாக்தான், ஆனால் சின்னது, ரத்தக் குழாய் முழுக்க அடைபடவில்லை என்றார்கள். ஷ்யாம் வந்து சேரும்போது பன்னிரண்டு மணி. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

அன்றிலிருந்து அவன் அந்த அறையைவிட்டு நகரவில்லை. துணைக்கு வருகிறவருக்கென்று போட்டிருந்த ஒடுக்கமான பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானம் கண்ணயர்ந்தால் அப்பா மாதிரியே குறட்டை விட்டான். அவள் மூக்குக்கண்ணாடியை வாங்கித் தன் சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தான். காதுக்குப் பின்னால் நரைக்க ஆரம்பித்திருப்பதை அவள் அங்கேதான் பார்த்தாள். அவன் இப்போதெல்லாம் காபியை விட்டுவிட்டு டீ குடிக்கிறான் என்பதும் அங்கேதான் தெரிந்தது. நர்ஸ் ரஷ்மி தெலுங்கில் "உங்க பையனா அம்மா, ரொம்பப் பாசமா இருக்காரே" என்றபோது, கனகவல்லிக்கு வந்த பெருமையை எந்த இ.சி.ஜி.யும் காட்டவில்லை. நெஞ்சில் அடைப்போடு படுத்திருந்த அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்குச் சொல்ல வெட்கம், எனக்கு இல்லை.

புதன்கிழமை டாக்டர் பத்மஜா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மௌலா அலி குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண்; வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, பஸ் ஏறினால் ஹிந்தி என்று இருந்தவர்.

"ரெண்டு வழி இருக்கு அம்மா. மணிக்கட்டு வழியா சன்னமா ஒரு ட்யூப் விட்டு, சாயம் செலுத்தி, அடைப்பு எங்கேன்னு பாத்து, முடிஞ்சா அங்கேயே ஸ்டென்ட் வெச்சிடறது ஒண்ணு. உள்ளயே போகாம மாத்திரையில பாத்துக்கறது இன்னொண்ணு."

"எது நல்லது டாக்டரம்மா?"

"உங்க விஷயத்துல அதைத்தான் பட்டுனு சொல்ல முடியலை. ஸ்டென்ட் வெச்சா இன்னொரு அட்டாக் வர்ற சான்ஸ் குறையும். நடந்தா மூச்சு வாங்கறதும் குறையலாம். ஆயுசு கூடுமான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. உங்க கிட்னி ஏற்கெனவே வீக். அந்தச் சாயம் அதை இன்னும் கெடுத்தா டயாலிசிஸ் வரைக்கும்கூடப் போகலாம். மாத்திரைன்னா அந்தத் தொல்லை இல்லை. ஆனா அடைப்பு உள்ள அப்படியே இருக்கும், நீங்க ஜாக்கிரதையா இருக்கணும்."

"அப்ப எப்படி முடிவு பண்றது?" என்றான் ஷ்யாம்.

"நாளைக்கு வரைக்கும் பாக்கலாம். மாத்திரை கொடுத்தும் நெஞ்சுல வலி திரும்பத் திரும்ப வந்தா நான் யோசிக்கவே மாட்டேன், ட்யூப்தான். வலி இல்லைன்னா மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பிடலாம். தராசு நடுவுல நிக்குது. வலிதான் அதைச் சாய்க்கணும்."

ஃபேக்டரியின் ஓய்வூதியக்காரர் மெடிக்கல் புத்தகம் இருந்ததால் செலவு பற்றி யாரும் கவலைப்படவேண்டியிருக்கவில்லை. அதனால் மற்ற கவலைகளுக்கெல்லாம் தாராளமாக இடம் இருந்தது. ஷ்யாம் லேப்டாப்பில் இரண்டு கட்டம் போட்டு, இந்தப் பக்கம் ஸ்டென்ட், அந்தப் பக்கம் மாத்திரை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டான். எங்கெங்கோ இருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தான். இரண்டு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே மார்க் வந்ததும், மார்க்கை மாற்றிப் போட்டுப் பார்த்தான். படித்த பிள்ளைகள் பயந்தால் இப்படித்தான் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள்.

அப்புறம் ஜன்னல் பக்கம் போய் மேனேஜரிடம் பேசினான். இங்கிலீஷில்தான் பேசினான், ஆனால் முப்பத்தெட்டு வருஷம் ஃபேக்டரியில் இருந்தவளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். ப்ரொசீஜர் என்று முடிவானால் பத்து நாள் லீவு போட்டு அம்மாவோடு இருக்கப்போகிறானாம். மாத்திரை போதும் என்றால் சனிக்கிழமை வீட்டில் விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிடுகிறானாம்.

பத்து நாள். கனகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் போட்ட தராசில் கிட்னி இல்லை, ட்யூப் இல்லை. ஒரு தட்டில் பத்து நாள். இன்னொரு தட்டில் திங்கட்கிழமை.

போதாக்குறைக்கு அன்று சாயங்காலம் கல்பகம் இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு வெச்சப்ப என் பையன் பாலசுப்ரமணியன் பாஸ்டன்லேர்ந்து வந்து ஒரு மாசம் இருந்தான் கனகா. தெனம் கேரம் ஆடினோம். அவன் அழுகுணி ஆட்டம் ஆடறான்னு இந்த வயசுலதான் கண்டுபிடிச்சேன். ஸ்டென்ட்டால என்ன நல்லதோ தெரியாது, அந்த ஒரு மாசத்துக்கே இன்னொண்ணு வெச்சுக்கலாம்" என்று சிரித்தாள். கல்பகம் விளையாட்டாகச் சொன்னது கனகவல்லியின் மனதில் ஆணி அடித்தமாதிரி நின்றுவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்மஜா வந்தார். ஷ்யாம் லேப்டாப்பை மூடினான்.

"வலி இருக்கா அம்மா?"

"இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து விட்டு விட்டு வருது."

"பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?"

"ஆறு" என்றாள் கனகவல்லி.

எட்டு என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தள்ளிக்கொண்டு ஓடியிருப்பார்கள். மூன்று என்றால் வாயு என்று தள்ளிவிட்டிருப்பார்கள். யோசித்துத்தான் ஆறு சொன்னாள். பொய்யிலும் அளவு பிசகாத பெண்மணி. மறுபடி இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எதிலும் மாற்றமில்லை. மத்தியானம் ரஷ்மி கேட்டாள், ஆறு. நாலு மணிக்கு இன்னொரு டாக்டர் கேட்டார், ஆறு. மூன்று தடவை சோதித்தாகிவிட்டது, மூன்றும் ஒத்துப்போய்விட்டது. பழைய அட்டையாக இருந்தால் கையெழுத்தே போட்டிருக்கலாம்.

சாயங்காலம் பத்மஜா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மெஷின்ல ஒண்ணும் புதுசாத் தெரியலை. ஆனா பேஷண்ட் வலிக்குதுன்னா எனக்கு வலிதான். உங்க வார்த்தையைவிடப் பெரிய மீட்டர் என்கிட்ட கிடையாது. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பண்ணிடலாம்."

மீட்டர் என்ற வார்த்தை கனகவல்லியைச் சுருக்கென்று குத்தியது. தலையை மட்டும் ஆட்டினாள். ஷ்யாம் வெளியே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தான். "பத்து நாள் சொல்லிட்டேம்மா. வீட்டுக்குப் போனதும் நானும் உங்கூட குஷாய்குடாலதான் இருப்பேன்" என்றான். அவன் பழைய அறையில் இருக்கும் ஃபேன் சத்தம் போடும், மெத்தையை வெயிலில் போடவேண்டும், டீத்தூள் வாங்கவேண்டும் என்று அவள் மனசு அதற்குள் வீட்டைச் சுற்றிவந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு, பச்சை அங்கியை மாட்டி உட்காரவைத்திருந்தார்கள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்கு நஸ்ரின் கொண்டாப்பூரிலிருந்து வந்துவிட்டாள். அத்தையின் தலையை வாரி, இறுக்கமாகப் பின்னல் போட்டாள். பின்னிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, உங்க பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லுங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையாம். போன்ல அழுவுறாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல."

அப்போதுதான் ரஷ்மி சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து, ஷ்யாமிடம் பேனாவோடு கொடுத்தாள். கனகவல்லி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். உறவினர் என்ற இடத்தில் அவன் போடவேண்டும். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டான். திரும்பவும் மேலேயிருந்து படித்தான். சிறுநீரகம் செயலிழக்கலாம், ரத்தக் கசிவு ஏற்படலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று எல்லாருக்கும் அச்சடித்து வைத்திருக்கும் வரிகள்தான்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றான். "இதுல கையெழுத்துப் போட்டு, நாளைக்கு உன் கிட்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஷீட்ல எப்படிப் போட்டாலும் சரிசமமாத்தான் வருது. நீ வலிக்குதுன்னு சொல்றே பாரு, அந்த ஒண்ணை நம்பித்தான் போடறேன்."

பேனா மூடியைக் கழற்றிவிட்டான்.

"போடாதே" என்றாள் கனகவல்லி.

"என்னம்மா?"

"வலிக்கலை."

"இப்ப விட்டுடுச்சா?"

"நேத்தும் வலிக்கலை. திங்கக்கிழமைக்கு அப்புறம் வலிக்கவே இல்லை. சும்மா சொன்னேன்."

நஸ்ரின் பின்னல் நுனியை விடவில்லை. ஷ்யாமுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கோபம் வந்தது. அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "விளையாடறியாம்மா? எதுக்கு இப்படிப் பண்ணே? உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க. உன் கிட்னி போயிருக்கும். ஒரு பொய்க்காகவா? நீயா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"பத்து நாள் இருப்பேன்னு சொன்னியே" என்றாள் கனகவல்லி. "மேனேஜர்கிட்ட பேசினது கேட்டுச்சு. மாத்திரைன்னா திங்கக்கிழமை போயிடுவே. எனக்கு நீ வேணும்னு இருந்துச்சுப்பா. அவ்வளவுதான்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"கேட்டிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேனே."

"எப்படிக் கேக்கறது? போன தடவை எப்ப வந்தே? இன்வெர்ட்டர் பேட்டரி மாத்த. அதுக்கு முன்னாடி, பாத்ரூம் குழாய் உடைஞ்சப்ப. அதுக்கு முன்னாடி, நான் விழுந்து முழங்கால்ல அடிபட்டப்ப. ஏதாவது ரிப்பேர்னாத்தான் வர்றே. நீ வரணுமேன்னு சமையலறைக் குழாயை ஆறு மாசமா ஒழுகவிட்டு வெச்சிருக்கேன். உன்னைக் குத்தம் சொல்லலை. நீயும்தான் ஓடிக்கிட்டே இருக்கே. ஒண்ணும் கெட்டுப்போகாம ஒரு அம்மா எப்படிப் பிள்ளையைக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியலை."

நஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷ்யாம் அந்த நாலு பக்கத் தாளை மடித்துக்கொண்டே இருந்தான். அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு அது சிறிதாகிவிட்டது.

பத்மஜாவிடம் கனகவல்லியே சொன்னாள். சாக்குப்போக்குச் சொல்லாமல், தப்பான அளவு கொடுத்தேன், எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் என்று சொன்னாள். டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஃபோர்மன்களை அவள் இப்படிப் பார்த்திருப்பாள்.

"மாத்திரைதான் அப்ப" என்றார் கடைசியில். "அதுவும் நல்ல வழிதான், குறைச்ச வழியில்லை. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். அடைப்பு உள்ளதான் இருக்கு. நாளைக்கே நிஜமா வலி வரலாம். அன்னிக்கு நீங்க ஆறுன்னு சொன்னா நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். அந்த ஒரு நிமிஷம் உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். என்கிட்ட எது வேணா சொல்லுங்க அம்மா, பொய் மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்."

"இனிமே வராது டாக்டரம்மா" என்று தலை குனிந்து சொன்னாள். அவள் வாழ்க்கையில் இன்னொருத்தர் முன்னால் அப்படித் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். நஸ்ரின் மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று டப்பாவில் பிரித்துப் போட்டு, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கவேண்டியதைத் தனியாக ஒரு பர்ஸில் வைத்து அத்தையின் கைக்கெட்டும் இடத்தில் மாட்டினாள். சமையலறைக் குழாயைப் பார்த்துவிட்டு, பிளம்பருக்குப் போன் பண்ணினாள். பத்து நாள் லீவு ரத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தே ஷ்யாம் ஆபீசுக்கு எழுதியிருந்தான். தள்ளிப்போட முடியாத வேலை ஒன்று திங்கட்கிழமை இருந்தது.

நஸ்ரின் காரை எடுக்கப் போனதும் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில், சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"உனக்கு எத்தனை நாள் வேணும்மா? சொல்லு. மே மாசம் ஒரு வாரம் முயற்சி பண்றேன்."

"ஒரு வாரம் வேண்டாம். ஒரு நாள் போதும். எனக்கு ஒடம்பு நல்லா இருக்கிற ஒரு நாள். எதுவும் உடையாத ஒரு நாள். வந்து உக்காந்துட்டுப் போ."

ஷ்யாம் போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தான். அவளும் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளிலும் நீலமும் சிவப்புமாகக் கட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அவன் விரல் அடுத்த வாரத்துக்குப் போயிற்று, அதற்கடுத்த வாரத்துக்குப் போயிற்று. இத்தனை வருஷமும் தனக்காக மட்டுமே ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் அவன்மேல் இரக்கமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட எங்கே இடம்?

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை விரல் நின்றது.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஒண்ணும் இல்லை. அன்னிக்கு வர்றேன்."

"வா."

தட்டப் போனவன் நிமிர்ந்தான். "என்ன விஷயம்னு போடணும். என்னன்னு போடட்டும்?"

"சும்மான்னு போடு."

இங்கிலீஷ் எழுத்தில் சும்மா என்று தட்டினான். வெளியே நஸ்ரின் லேசாக ஹாரன் அடித்தாள். அவன் எழுந்திருக்கவில்லை, திரையில் கீழே இருந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"ஒரு தடவை மட்டுமா, ஒவ்வொரு புதன்கிழமையுமான்னு கேக்குது."

கனகவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அதை நீதான் சொல்லணும்" என்றாள்.